பள்ளி நடக்கும் நாளில் பயணம்: டிக்கெட் எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

பள்ளி நடக்கிற நாட்களில் பிள்ளையைச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வருகின்றன. "ஒரு வாரத்தில் என்ன குடி முழுகிவிடும்?" என்பது ஒன்று. "படிப்பு கெட்டுப் போகும், கூடவே கூடாது" என்பது இன்னொன்று. எந்தப் பிள்ளை, எந்த வகுப்பு, எந்த ஐந்து நாள், அந்த ஐந்து நாளில் என்ன பாடம் ஓடப்போகிறது, திரும்பி வந்ததும் விட்டதைப் பிடிக்க வீட்டில் யார் கூட உட்காரப் போகிறார்கள் என்பதெல்லாம் தெரியாமல் சொல்லும் பதில்கள் இவை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு ஒரு முறை, ஐந்து பள்ளி நாளுக்கு மேல் போகாமல், வாசிப்பிலும் கணக்கிலும் தடுமாற்றம் இல்லாத பிள்ளையை, பள்ளியிடம் உண்மையான காரணத்தைச் சொல்லி, டிக்கெட் போடுவதற்கு முன்பே அனுமதி வாங்கி அழைத்துப் போகலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் விடுமுறை வரும்வரை காத்திருப்பதே நல்லது. ஏனென்றால் பயணத்தில் மிச்சமாகும் பணம் பெற்றோருடையது. தவறிய பாடத்தின் பாரம் பிள்ளையுடையது.

ஐந்து நாள் என்பது காதுக்குச் சின்னதாகக் கேட்கும். நாளுக்கு ஆறு பீரியட் என்று வைத்தால் முப்பது பீரியட். அதில் ஐந்தாறு கணக்குப் பாடம். கணக்கில் ஒரு வாரம் என்பது பெரும்பாலும் ஒரு புதுக் கருத்து முழுவதும் நடந்து முடியும் காலம். முதல் நாள் அறிமுகம், மறுநாள் எளிய பயிற்சி, பிறகு கொஞ்சம் கடினமானவை, கடைசியில் வாக்கியக் கணக்குகள். திங்கட்கிழமை திரும்பி வரும் பிள்ளை அதற்கு அடுத்த படியில் போய் நிற்கிறது.

பின்னங்களை எடுத்துக்கொள்வோம். பகுதி (கோட்டுக்குக் கீழே உள்ள எண்) வேறு வேறாக இருக்கும் பின்னங்களைக் கூட்டுவது நடந்த வாரத்தில் பிள்ளை இல்லை என்றால், 1/2 உடன் 1/3 ஐக் கூட்டச் சொன்னால் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதும். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறைவாக எப்படி வரும் என்று அதற்குத் தோன்றாது, ஏனென்றால் மீச்சிறு பொது மடங்கு எதற்காக எடுக்கிறோம் என்று விளக்கிய அந்த ஒரு பீரியடில் அது இல்லை. அப்போதைக்கு யாரும் கவனிப்பதில்லை. விகிதம் வரும்போது ஒரு தடுமாற்றம், சதவீதம் வரும்போது இன்னொன்று, இயற்கணிதத்தில் x உள்ள பின்னம் வந்ததும் மொத்தமாக நின்றுவிடும். இரண்டு மூன்று ஆண்டு கழித்து "கணக்கு வராத பிள்ளை" என்று பெயர் கிடைக்கும்போது, அந்தப் பழைய வாரம் யாருக்கும் நினைவில் இருக்காது.

எல்லாப் பாடமும் இப்படி இல்லை. வரலாறு, புவியியல் போன்றவற்றில் ஓர் அத்தியாயம் போனால் வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம், அடுத்தது பெரும்பாலும் அதன் மேல் நிற்பதில்லை. மொழிப்பாடத்தில் செய்யுள், உரைநடை பரவாயில்லை, இலக்கணம் கணக்கைப் போலப் படிப்படியாக ஏறும். அறிவியலில் புத்தகத்தில் உள்ளதைப் படித்துவிடலாம், செய்முறையைப் பிடிக்க முடியாது. நுண்ணோக்கியையும் குடுவைகளையும் ஒரு முறை எடுத்து வைத்துச் செய்துவிட்டால், ஒரே பிள்ளைக்காக மறுபடி யாரும் எடுத்து வைக்க மாட்டார்கள். ஆக, போகும் வாரத்தில் செய்முறை இருக்கிறதா, கணக்கில் புது அத்தியாயம் தொடங்குகிறதா என்ற இரண்டையும் தெரிந்துகொண்டாலே பாதி முடிவு எடுத்த மாதிரி.

வயதைப் பொறுத்தும் நிறைய மாறும். சின்ன வகுப்புதானே, என்ன படிப்பு இருக்கப்போகிறது என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் ஆண்டு, தாண்டிப் போக முடியாத ஆண்டுகளில் ஒன்று. வாரத்துக்குச் சில எழுத்துகள் என்று புதிதாக வரும், முந்தைய வாரத்து எழுத்துகளோடு சேர்த்துச் சொல் படிக்க வைப்பார்கள். ஒரு வாரம் போனால் அந்தச் சில எழுத்துகள் மட்டும் ஓட்டையாக நிற்கும், பிள்ளை படத்தைப் பார்த்து ஊகித்துப் படிக்கக் கற்றுக்கொள்ளும். வாசிப்பு நன்றாக வந்த பிறகு, அதாவது எட்டு வயதிலிருந்து பத்து வயது வரை, கொஞ்சம் தளர்வான காலம். பள்ளி மாறும் ஆண்டு, புதிய ஆசிரியர்கள், பாடத்துக்கொரு ஆசிரியர் என்று மாறும் ஆண்டு ஆகியவற்றில் வேண்டாம். பதினான்குக்கு மேல், பொதுத்தேர்வுக்கான பாடம் தொடங்கிய பிறகு, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன். அந்த வயதில் பிள்ளைகளே பெரும்பாலும் வர விரும்புவதில்லை. வீட்டில் சொன்னால் வருத்தப்படுவார்கள் என்று வாயைத் திறக்காமல் இருப்பார்கள். அதனால் பத்து வயதுக்கு மேல் உள்ள பிள்ளையிடம் முடிவெடுக்கும் முன்பே கேளுங்கள். அந்த வாரத்தில் ஒரு போட்டி, ஒரு நாடக ஒத்திகை, ஒரு நண்பனின் பிறந்தநாள் இருக்கும். நமக்குச் சின்ன விஷயம், அந்த வயதில் அதுதான் உலகம்.

வயது எதுவாக இருந்தாலும் சில பிள்ளைகளை அழைத்துப் போகவே கூடாது. வாசிப்பில் பின்தங்கி, அதற்காகப் பள்ளியில் தனிக் கவனிப்பு நடந்துகொண்டிருக்கும் பிள்ளை. பேச்சுப் பயிற்சி போன்ற வாராந்தர நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும் பிள்ளை, ஏனென்றால் அந்த நேரம் போனால் பெரும்பாலும் போனதுதான், மாற்று நேரம் கிடைப்பது அரிது. புதிதாகப் பள்ளியில் சேர்ந்து இன்னும் ஒரு நண்பன்கூடக் கிடைக்காத பிள்ளை. ஏற்கெனவே உடல்நலமின்றிப் பல நாள் வராமல் இருந்த பிள்ளை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளிக்குப் போகவே பயப்படும் பிள்ளை. காலையில் வயிற்றுவலி, ஞாயிறு மாலையானால் அழுகை என்று இருக்கும் பிள்ளையை "ஒரு மாற்றமாக இருக்கட்டும்" என்று நல்லெண்ணத்தோடு அழைத்துப் போகிறார்கள். பயணம் இனிமையாகவே போகும். திரும்பிய மறுநாள் காலை பழையதைவிடக் கடினமாக இருக்கும். பயப்படும் ஒன்றிலிருந்து விலகி இருந்தால் அந்த நேரத்துக்கு நிம்மதி கிடைக்கும், ஆனால் பயம் இன்னும் இறுகும். பல வாரம் கஷ்டப்பட்டு ஏற்படுத்திய காலைப் பழக்கம் ஐந்து நாளில் கலைந்துவிடும். இந்தப் பிள்ளைக்கு விடுமுறையின் நடுவில் பயணம் வைத்து, பள்ளி திறக்கும் முன் ஒரு வாரமாவது வீட்டில் வழக்கமான நேரத்துக்கு எழுந்து பழகும்படி விட வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, பள்ளி நாளில் போவது உண்மையிலேயே தேவைப்படும் குடும்பங்களும் உண்டு. கூட்டத்தையும் இரைச்சலையும் தாங்க முடியாத ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு, எல்லாரும் கிளம்பும் விடுமுறை வாரத்தில் விமான நிலையமே ஒரு தண்டனை. ராணுவத்திலோ மருத்துவமனையிலோ வேலை பார்க்கும் பெற்றோருக்கு விடுமுறைக் காலத்தில் லீவு கிடைக்காமலே போகலாம். தாத்தாவோ பாட்டியோ கடைசி நாட்களில் இருந்தால் அது சுற்றுலாவே இல்லை, அதைச் சுற்றுலா என்ற கணக்கில் வைத்துத் தயங்கவும் வேண்டாம். பள்ளியிடம் அப்படியே சொல்லிக் கேளுங்கள். முதல் இரண்டு வகைக்கும் மருத்துவரின் கடிதமோ வேலையிடத்தின் கடிதமோ இணைத்தால் விண்ணப்பத்தின் எடையே வேறு.

இனி சட்டம். இங்கேதான் பலர் கேள்விப்பட்டதை வைத்து முடிவெடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். நாட்டுக்கு நாடு விதி வேறு. ஒரு நாட்டில் இருக்கும் உறவினர் சொன்னது இன்னொரு நாட்டில் செல்லாது.

இங்கிலாந்தில் முன்பு சிறப்புச் சூழ்நிலை இருந்தால் ஆண்டுக்குப் பத்து நாள் வரை தலைமையாசிரியர் விடுப்பு தரலாம் என்று இருந்தது. அதைப் பத்து நாள் உரிமை என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். 2013 செப்டம்பர் முதல் அது எடுக்கப்பட்டுவிட்டது. விதிவிலக்கான சூழ்நிலைக்கு மட்டுமே விடுப்பு. விடுமுறையில் டிக்கெட் விலை அதிகம் என்பதைப் பள்ளிகள் அப்படிப்பட்ட சூழ்நிலையாக ஏற்பதில்லை. அங்கே ஒரு நாளைக் காலை, மாலை என்று இரண்டு அமர்வாக எண்ணுகிறார்கள். பத்துப் பள்ளி வாரங்களுக்குள் அனுமதியில்லாமல் பத்து அமர்வு தவறினால் அபராத நடவடிக்கையைப் பள்ளி பரிசீலிக்க வேண்டும் என்பது 2024 ஆகஸ்ட் முதல் நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல். பத்து அமர்வு என்பது சரியாக ஐந்து நாள். ஒரு வாரச் சுற்றுலா போனாலே கோட்டைத் தொட்டாயிற்று.

அபராதம் 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண்ட், அதைத் தாண்டி 28 நாளுக்குள் என்றால் 160. இது குடும்பத்துக்கு ஒன்று இல்லை. ஒவ்வொரு பெற்றோருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி. அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் என்றால் நான்கு நோட்டீஸ், குறைந்தது 320 பவுண்ட். மூன்று ஆண்டுக்குள் அதே பிள்ளைக்காக இரண்டாவது முறை வந்தால் நேராக 160, தள்ளுபடி கிடையாது. மூன்றாவது முறைக்கு அபராத நோட்டீஸே இல்லை, வழக்கு உள்ளிட்ட வேறு நடவடிக்கை. "அபராதத்தையும் சேர்த்தாலும் டிக்கெட் மலிவுதான்" என்று கணக்குப் போடுபவர்கள் இந்த மூன்றாண்டு எண்ணிக்கையை மறந்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு வேறொரு காரணத்துக்காக அனுமதியில்லாமல் போக நேர்ந்தால் ஏற்கெனவே ஒன்று கணக்கில் இருக்கும். அபராதம் கட்டிவிட்டால் அந்த விடுப்பு அனுமதி பெற்றதாக மாறிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். வருகைப் பதிவேட்டில் அது அப்படியே நிற்கும். மற்ற நாட்களில் ஒழுங்காக வந்ததைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது. "ஒழுங்கான வருகை" என்றால் பள்ளியின் விதிப்படி வருவது என்று 2017 இல் அங்கே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

நெதர்லாந்தில் ஒரு வழி உண்டு. தொழிலின் தன்மையால் பள்ளி விடுமுறை எதிலுமே குடும்பம் சேர்ந்து போக முடியாதவர்கள், ஆண்டுக்கு ஒரு முறை, பத்துப் பள்ளி நாள் வரை கேட்கலாம். அதுவும் கல்வியாண்டின் முதல் இரண்டு வாரத்தில் கிடையாது. ஜெர்மனியில் பள்ளிக் கட்டாயம் மிகக் கண்டிப்பானது. 2018 இல் பவேரியாவில் விடுமுறை தொடங்கும் முன்பே பிள்ளைகளோடு கிளம்பிய குடும்பங்களை விமான நிலையத்தில் போலீசார் விசாரித்ததும் நடந்தது. இந்தியாவில் சிபிஎஸ்இ கல்வி வாரியம் 10, 12 ஆம் வகுப்புத் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்கிறது. வேறு பல இடங்களில் எல்லாமே பள்ளியின் முடிவுதான். ஆகவே உங்கள் பள்ளியின் வருகை விதி எழுத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டு வாங்கிப் படியுங்கள்.

வருகைச் சதவீதத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆண்டுக்கு 190 நாள் பள்ளி என்றால் பத்து சதவீதம் 19 நாள். இங்கிலாந்தில் அந்த அளவு தவறினால் தொடர்ந்து வராத பிள்ளை என்ற பட்டியலில் பெயர் சேரும். பத்தொன்பது நாள் தாராளமாகத் தெரியும். ஆனால் காய்ச்சல், வாந்தி, பல் மருத்துவர் என்று ஒரு சாதாரண ஆண்டிலேயே ஏழெட்டு நாள் போய்விடலாம். அதோடு பத்து நாள் சுற்றுலா சேர்ந்தால் கோட்டின் விளிம்பில் நிற்பீர்கள், அதன்பின் ஒரு நீண்ட காய்ச்சல் வந்தால் முடிந்தது. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே விடுப்பைச் செலவழித்துவிட்டால் ஆண்டு முழுவதும் இந்தப் பதற்றத்தோடு ஓட்ட வேண்டும். நோய்க்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் எண்ண வேண்டும்.

டிக்கெட் விலைக்காக மட்டும் பள்ளி நாளில் போக நினைப்பவர்கள், அதற்கு முன் நான்கு இடங்களைப் பார்க்கலாம். ஆசிரியர் பயிற்சிக்காகப் பள்ளி மூடும் நாட்கள் நாட்காட்டியில் எங்கே இருக்கின்றன? அவற்றை வார இறுதியோடு ஒட்டினால் ஒரு பீரியடும் தவறாமல் மூன்று நான்கு நாள் கிடைக்கும். பெரிய விடுமுறையின் முதல் வாரத்துக்கும் கடைசி வாரத்துக்கும் விலை பார்த்தீர்களா? பள்ளி திறக்கப் போகிறதே என்று எல்லாரும் திரும்பிவிடுவதால் பின்பகுதி பல நேரம் இறங்கியிருக்கும். வெள்ளி, சனியில் கிளம்பாமல் செவ்வாய், புதனில் கிளம்பினால்? போகும் ஊரில் அப்போது பள்ளி விடுமுறையா? ஜெர்மனியில் மாநிலத்துக்கு மாநிலம் கோடை விடுமுறை தேதி மாறும், பிரான்சில் குளிர்கால, வசந்தகால விடுமுறைக்கு நாட்டை மூன்று மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எல்லாரும் ஒரே வாரத்தில் கிளம்பி நெரிசல் ஆகக் கூடாது என்பதும் இப்படிப் பிரிப்பதற்கு ஒரு காரணம். உங்கள் விடுமுறை அவர்களுக்கு வேலை நாளாக இருந்தால் அங்கே தங்கும் செலவு குறையும். இந்த நான்கையும் பார்த்த பிறகும் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் மட்டுமே பள்ளி நாளைத் தொடுங்கள்.

தொடுவதென்றால் எந்த நாளை? கல்வியாண்டின் முதல் இரண்டு வாரம் வேண்டவே வேண்டாம். இடம், குழு, நண்பர், நோட்டு எப்படி வைப்பது என்ற பழக்கம் எல்லாம் அப்போதுதான் முடிவாகின்றன. தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரமும் வேண்டாம். விடுமுறையோடு ஒட்டி எடுப்பதாக இருந்தால் முன்பக்கம் ஒட்டுங்கள், பின்பக்கம் ஒட்டாதீர்கள். விடுமுறைக்கு முந்தைய கடைசி இரண்டு நாளில் பெரும்பாலும் போர்ஷன் முடிந்து, விடைத்தாள் கொடுப்பது, திருப்பிப் பார்ப்பது என்று ஓடும். பள்ளி திறந்த முதல் இரண்டு நாளில் புது அத்தியாயம் தொடங்கும். இரண்டும் இரண்டு நாள்தான், இழப்பு ஒன்றல்ல. தேர்வு முடிந்த மறுநாள் முதல் விடுமுறை வரை உள்ள நாட்கள்தான் பொதுவாக மிகக் குறைந்த சேதம். ஆனால் சில பள்ளிகளில் அந்த நாட்களிலேயே அடுத்த பருவத்துப் பாடத்தைத் தொடங்கிவிடுவார்கள், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடிதம். குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் எழுத்தில் கொடுங்கள். கேட்டருகே பார்க்கும்போது வகுப்பாசிரியர் "சரி, போயிட்டு வாங்க" என்று சொன்னது அனுமதி ஆகாது. முடிவு தலைமையாசிரியருடையது, பதிலும் எழுத்தில் கையில் இருக்க வேண்டும். கடிதத்தில் பள்ளிக்கு வராத முதல் நாள், மீண்டும் வரும் நாள், நடுவில் எத்தனை பள்ளி நாள், ஏன் விடுமுறையில் போக முடியவில்லை, அதற்கான சான்று, தவறும் பாடத்துக்கு வீட்டில் என்ன செய்யப் போகிறீர்கள் ஆகியவை போதும். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். "இந்தப் பயணமே ஒரு பெரிய கல்வி" என்று எழுத வேண்டாம். பயணத்தில் கற்றுக்கொள்வது உண்மைதான், ஆனால் கடற்கரையில் சிப்பி பொறுக்குவது மீச்சிறு பொது மடங்கைக் கற்றுத் தராது. வேறொன்றைக் கற்கிறது என்பதால், தவறியது ஈடாகிவிடாது. இது தலைமையாசிரியருக்குத் தெரியும், அந்த வரியைப் படித்ததும் மீதிக் கடிதத்தின் மேல் உள்ள நம்பிக்கையும் குறையும்.

பதில் வரும்வரை பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே டிக்கெட் எடுத்துவிட்டோம் என்பது எந்தப் பள்ளிக்கும் காரணமாகத் தெரிவதில்லை, நெருக்குவதாகத்தான் தெரியும். பள்ளி மறுத்துவிட்டது என்று ரத்து செய்தால் பயணக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. பிள்ளைகள் வேறு வேறு பள்ளியில் படித்தால் இரண்டு இடத்திலும் ஒரே நாளில் கடிதம் கொடுங்கள், இரண்டு பதிலும் வந்த பிறகு முடிவெடுங்கள். ஒரு பள்ளி சம்மதித்து இன்னொன்று மறுப்பது அடிக்கடி நடக்கும், அப்போது மறுத்த பள்ளியின் பதில்தான் குடும்பத்துக்கே பதில்.

காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுப் போகவே கூடாது. மாட்டிக்கொள்வது எளிது: தங்கை தன் வகுப்பில் கடல் பார்த்த கதையைச் சொல்வாள், யாராவது படத்தைப் பகிர்வார்கள், வெயிலில் கறுத்த முகம் காட்டிக் கொடுக்கும். பள்ளி மருத்துவச் சான்று கேட்டால் இன்னொரு பொய் தேவைப்படும். ஆனால் மாட்டிக்கொள்வதைவிடப் பெரிய கேடு, அந்தப் பொய்யைத் தினமும் சுமப்பது பிள்ளை என்பது. தான் மிகவும் ரசித்த ஒரு வாரத்தைப் பற்றி நண்பனிடம் வாய் திறக்கக் கூடாது, ஆசிரியர் "இப்போ உடம்பு தேவலையா?" என்று அன்பாகக் கேட்டால் தலையாட்ட வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைக் கற்றுக் கொடுக்கும் அளவுக்கு எந்தப் பயணமும் மதிப்புள்ளது இல்லை. பிறகு உண்மையிலேயே பிள்ளைக்கு நோய் வரும்போது பள்ளி சந்தேகத்தோடு பார்க்கும் என்பது தனி.

அனுமதி கிடைத்ததும் வகுப்பாசிரியரிடம் "ஒரு வாரத்துக்கான வேலை எல்லாம் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்பவர்கள் அதிகம். அது ஆசிரியர் மேல் சுமையை ஏற்றுவது. அவசரத்தில் கிடைக்கும் தாள்கட்டு பெட்டியின் அடியிலேயே கிடந்து திரும்பி வரும். இதற்குப் பதிலாக மூன்றே கேள்வி கேளுங்கள். அந்த வாரத்தில் எந்தப் பாடத்தில் புதிதாக ஒன்று தொடங்குகிறது? டெஸ்டோ செய்முறையோ குழு வேலையோ இருக்கிறதா? திரும்பி வரும்போது பிள்ளைக்கு எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் உங்கள் வழிகாட்டி. குழு வேலை இருந்தால், இல்லாதபோதே பிள்ளையின் பெயரை ஒரு குழுவில் சேர்த்து வைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். இதை மறந்தால், திரும்பி வந்த அன்று எல்லாரும் நான்கு நான்கு பேராக உட்கார்ந்திருக்க இது மட்டும் நிற்கும்.

பயணத்தில் எடுத்துப் போக வேண்டியவை ஒரு கணக்குப் புத்தகம், ஒரு மெல்லிய நோட்டு, ஒரு கதைப் புத்தகம். காலை உணவு முடிந்ததும் இருபத்தைந்து நிமிடம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கணக்கு மட்டும். எட்டு வயதுக்குக் கீழே என்றால் பதினைந்து நிமிடம் வாசிப்பு போதும். மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் நடக்காது. நாள் முழுவதும் சுற்றிய பிள்ளை ஏழு மணிக்கே சாய்ந்துவிடும், பிறகு சண்டைதான். விமானம், ரயில் ஏறும் நாளில் பாடமே வேண்டாம்.

திரும்பும் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஞாயிறு இரவு பதினோரு மணிக்கு வீடு வந்து சேரும் டிக்கெட் எப்போதும் கவர்ச்சியாக இருக்கும், ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று. நேர மண்டலம் தாண்டினால் உடலின் கடிகாரம் ஒரு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும், கிழக்கு நோக்கி வந்தால் இன்னும் மெதுவாக. ஐந்து மணி நேர வித்தியாசம் உள்ள இடத்திலிருந்து கிழக்கே ஞாயிறு இரவு வந்தால் வெள்ளிவரை பிள்ளை காலை வகுப்பில் பாதித் தூக்கத்தில் இருக்கும். ஒரு வார விடுப்பு, இரண்டு வார இழப்பாகிவிடும். விமானம் தாமதமானால் திங்கட்கிழமையும் போச்சு, அது அனுமதிக் கடிதத்தில் இல்லாத நாள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால், நின்று 48 மணி நேரம் ஆன பிறகே அனுப்பச் சொல்லும் பள்ளிகள் உண்டு. ஆகவே நேர வித்தியாசம் இல்லாத பயணத்துக்குச் சனிக்கிழமை காலையிலும், இருக்கும் பயணத்துக்கு இன்னும் ஓரிரு நாள் முன்பும் வீட்டில் இருக்கும்படி டிக்கெட் போடுங்கள்.

சனிக்கிழமையே ஒரு நண்பனின் நோட்டைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எழுத்து தெளிவாக, முழுமையாக எழுதும் ஒரே பிள்ளையின் நோட்டு போதும். மூன்று பேரிடம் வாங்கினால் குழப்பம். வாங்கியதும் பெற்றோர் செய்யும் முதல் காரியம் நாற்பது பக்கத்தையும் உட்கார வைத்து எழுத வைப்பது. கை எழுதும், மனம் எங்கோ இருக்கும். இரண்டு நாள் முழுவதும் இதில் போய்விடும், பிள்ளைக்குப் பயணமே கசந்துவிடும். படம், சூத்திரம், விதி, வீட்டுப்பாடக் கேள்விகள் ஆகியவற்றை மட்டும் நோட்டில் ஏற்றினால் போதும். மீதியை அச்செடுத்து ஒட்டலாமா என்று ஆசிரியரிடம் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

விட்டதைப் பிடிக்கும் வரிசை: முதலில் கணக்கு, அடுத்து மொழி இலக்கணம், பிறகு அறிவியல், கடைசியாக மற்றவை. தவறிய ஒவ்வொரு கணக்குத் தலைப்புக்கும் ஐந்து கேள்வி கொடுங்கள்: ஒன்று எளிது, இரண்டு நடுத்தரம், இரண்டு வாக்கியக் கணக்கு. நான்கு சரியென்றால் அடுத்ததுக்குப் போகலாம். மூன்று என்றால் தவறியவற்றை உட்கார்ந்து பேசி மறுபடி செய்யச் சொல்லுங்கள். இரண்டோ குறைவோ என்றால் நீங்களே மல்லுக்கட்டாமல் ஆசிரியரிடம் அனுப்புங்கள், ஆனால் "ஒண்ணும் புரியலை" என்று சொல்லி அனுப்பாதீர்கள். எந்த வரியில் நின்றது என்று நோட்டில் பென்சிலால் கோடு போட்டு அனுப்பினால் ஆசிரியருக்கு ஐந்து நிமிட வேலை, இல்லையென்றால் முழுப் பாடத்தையும் திருப்பி நடத்தும் வேலை.

இங்கே பெரும்பாலானோர் நிறுத்திவிடுகிறார்கள். கணக்கு வந்துவிட்டது, நோட்டு முடிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று. கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885 லேயே அளந்து எழுதினார்: மறதி தொடக்கத்தில்தான் மிக வேகம், பிறகு மெதுவாகும். வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு அதே கருத்து திங்கள், செவ்வாய், புதன், வீட்டுப்பாடம், சனிக்கிழமைத் திருப்புதல் என்று நாலைந்து முறை கண்ணில் பட்டிருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரே ஒரு முறை. அதனால் மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று அதே தலைப்பில் மூன்று மூன்று கேள்வி, புத்தகம் பார்க்காமல் கொடுங்கள். பத்து நிமிடம் ஆகும். ஏழாம் நாளில் தடுமாறினால் பதற வேண்டாம், முதலில் இருந்து தொடங்கவும் வேண்டாம். தடுமாறிய படியை மட்டும் எடுத்து மறுபடி அதே இடைவெளியில் போடுங்கள். அடுத்த அத்தியாயம் இந்தத் தலைப்பைத் தொடும் நாளில் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அது ஆறு வாரம் கழித்தும் இருக்கலாம் என்பதால், தலைப்பின் பெயரை நாட்காட்டியில் இப்போதே குறித்து வைப்பது நல்லது.